இரும்புப் பட்டையும் பொற்பதக்கமும்
வில்மா ருடால்ஃப் அம்மையாரும் அவரை வளர்த்த பல்கலைக்கழகமும்



பல்கலைக்கழகம் என்றதும் பழம்பெருமையும் பெருஞ்செல்வமும் படைத்த சில பெயர்களே நம் நினைவில் முன்னிற்கின்றன. நம் பிள்ளைகள் அங்கே பயில வேண்டும் என்று விரும்புகிறோம். அவ்விருப்பத்தில் தவறொன்றும் இல்லை. ஆயினும் ஒரு மாநிலத்தின் எளிய மக்களுக்காகக் குறைந்த பொருளைக் கொண்டு எழுப்பப்பட்ட கல்விச்சாலைகளும் உலகத்தின் கண்களைத் தம்பால் ஈர்த்ததுண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில், டென்னசி மாநிலத் தலைநகரான நாஷ்விலில் உள்ள டென்னசி மாநிலப் பல்கலைக்கழகம் அவற்றுள் ஒன்று. அதன் மண் தரையில் ஓடிப் பழகிய ஒரு பெண்மணி, 1960ஆம் ஆண்டில் உலகின் மிக விரைவான பெண் எனப் போற்றப்பட்டார். அவர்தாம் வில்மா ருடால்ஃப் அம்மையார். அவருடைய வாழ்வையும், அவரை உருவாக்கிய கல்விச்சாலையின் வரலாற்றையும் சேர்த்தே இங்குக் காண்போம். ஒன்றை விடுத்து மற்றொன்றைச் சொல்ல இயலாது.

பிறப்பும் பிணியும்

டென்னசி மாநிலத்தில் கிளார்க்ஸ்வில் நகரை ஒட்டிய செயின்ட் பெத்லகேம் என்னும் சிற்றூரில் 1940ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் வில்மா பிறந்தார். தந்தையார் எட் ருடால்ஃப், புகைவண்டிச் சுமையாளாகவும் வேறு சிறு பணிகள் செய்தும் பொருளீட்டியவர். தாயார் பிளாஞ்ச், வெள்ளையர் இல்லங்களில் வீட்டுவேலை செய்தவர். தந்தையாரின் இரு மணங்களிலும் பிறந்த 22 மக்களுள் வில்மா இருபதாமவர். குறைமாதத்தில் பிறந்த அக்குழந்தையின் எடை ஏறத்தாழ இரண்டு கிலோ மட்டுமே.

இளமையிலேயே நோய்கள் ஒன்றன்பின் ஒன்றாக அக்குழந்தையைத் தாக்கின. நிமோனியா இரு நுரையீரல்களையும் பற்றியது. ஸ்கார்லெட் காய்ச்சல் வந்தது. இறுதியில் இளம்பிள்ளை வாதம் இடக்காலின் வலிமையைக் கொண்டுசென்றது. காலுக்கு இரும்புப் பட்டை பூட்டப்பட்டது. மற்றக் குழந்தைகள் ஓடி விளையாட, வில்மா வீட்டிலிருந்து பார்த்திருந்தார்.

அக்காலத்தில் தென்மாநிலங்களில் இனப்பாகுபாடு சட்டமாகவே நிலவியது. பள்ளி வேறு, உணவகம் வேறு, பேருந்தில் இருக்கை வேறு. கறுப்பின மக்களுக்கு வாயில் திறந்த மருத்துவமனைகள் மிகச் சில. அவற்றுள் ஒன்று நாஷ்விலில் இருந்த மெஹாரி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. கிளார்க்ஸ்விலிலிருந்து அது ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவு. தாயார் சோர்ந்துவிடவில்லை. வாரந்தோறும் மகளை அழைத்துக்கொண்டு, பேருந்தின் பின்னிருக்கையில் அமர்ந்து, நாஷ்வில் சென்று மருத்துவம் செய்வித்துத் திரும்பினார். இவ்வாறு இரண்டு ஆண்டுகள் நடந்தன. மருத்துவர்கள் கற்றுத் தந்தபடி, நாள்தோறும் நான்கு முறை காலைப் பிடித்துவிடும் பணியைத் தாயும் உடன்பிறந்தோரும் முறை வைத்துச் செய்தனர்.

இங்கு ஒன்றை நாம் கருத வேண்டும். பின்னாளில் உலகம் கண்டு வியந்த அந்தக் கால்களை மீட்டுத் தந்தவை எளிய குடும்பம் ஒன்றின் கைகள். எந்த ஒரு நாளிலும் பெரிய அற்புதம் ஒன்றும் நிகழவில்லை. வாரம் தவறாத பயணமும் நாள் தவறாத உழைப்புமே சிறுகச் சிறுகப் பயனளித்தன. பன்னிரண்டு வயதை எட்டியபோது, பட்டையும் சிறப்புக் காலணியும் இன்றி வில்மா இயல்பாக நடந்தார், நடந்தவர் ஓடினார்.

பள்ளிக்கூடமும் பயிற்சியாளரும்

கிளார்க்ஸ்விலில் கறுப்பின மாணவர்களுக்கென இருந்த பர்ட் உயர்நிலைப் பள்ளியில் வில்மா கூடைப்பந்து ஆடினார். ஆட்டக்களத்தில் ஓரிடத்தில் நில்லாது சுற்றிச் சுழன்ற அவருக்குப் பயிற்சியாளர் கிளின்டன் கிரே, கொசு என்னும் பொருள்படும் செல்லப்பெயரைச் சூட்டினார். அவ்வாறு ஆடிக்கொண்டிருந்த நாளில், ஆட்ட நடுவராக வந்திருந்த ஒருவரின் பார்வை இந்த நெடிய, மெலிந்த சிறுமியின்மீது விழுந்தது. அவர்தாம் டென்னசி மாநிலப் பல்கலைக்கழக மகளிர் ஓட்டக் குழுவின் பயிற்சியாளர் எட் டெம்பிள்.

கோடை விடுமுறையில் பல்கலைக்கழகத்தில் நடைபெறும் பயிற்சி முகாமிற்கு வில்மா அழைக்கப்பட்டார். அதற்குமுன் அவர் தம் இயற்கையான விரைவையே நம்பியிருந்தார். அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீ நகரில் நடந்த பெரும்போட்டியில் முதன்முறை ஓடியபோது, கலந்துகொண்ட பந்தயங்கள் அனைத்திலும் தோற்றார். தம்மினும் விரைந்து ஓடுவோர் உலகில் உளர் என்பதையும், புறப்படும் முறை, மூச்சு, கையசைவு ஆகிய அனைத்தையும் கற்றுத் தேற வேண்டும் என்பதையும் அத்தோல்வி அவருக்கு உணர்த்தியது.

அதன்பின் முன்னேற்றம் விரைந்தது. 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக் விளையாட்டில் பதினாறே வயதான பள்ளிச் சிறுமியாகப் பங்கேற்றார். 200 மீட்டர் ஓட்டத்தில் தொடக்கச் சுற்றிலேயே வெளியேறினார். ஆயினும் 4×100 மீட்டர் தொடரோட்டத்தில் மே ஃபாக்ஸ், மார்கரெட் மாத்யூஸ், இசபெல் டேனியல்ஸ் ஆகியோருடன் ஓடி வெண்கலப் பதக்கம் பெற்றார். அந்த மூவரும் அதே பல்கலைக்கழகத்தின் மாணவியர். நான்காமவரான வில்மாவோ அங்குச் சேரவிருந்தவர்.

பல்கலைக்கழகம் பிறந்த கதை

அப்பல்கலைக்கழகத்தின் வரலாற்றையும் சிறிது நோக்குவோம். 1909ஆம் ஆண்டில் டென்னசி மாநிலம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளை நிறுவச் சட்டம் இயற்றியது. அதன் வழியாகக் கறுப்பின மக்களுக்கென ஒரு பள்ளி நாஷ்விலில் 1912ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் 247 மாணவர்களுடன் தொடங்கிற்று. வேளாண்மையும் கைத்தொழிலும் ஆசிரியப் பயிற்சியும் அங்குக் கற்பிக்கப்பட்டன. முதல் தலைவரான வில்லியம் ஜாஸ்பர் ஹேல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதனைப் பேணி வளர்த்தார். 1922இல் நான்காண்டுப் பட்டம் வழங்கும் கல்லூரியாக அது உயர்ந்தது. 1951இல் பல்கலைக்கழக நிலையை எய்தியது. 1968இல் டென்னசி மாநிலப் பல்கலைக்கழகம் என்னும் இன்றைய பெயரைப் பெற்றது.

வெள்ளை மாணவர்களுக்கான கல்விச்சாலைகளுக்குக் கிடைத்த பொருளுதவி இதற்குக் கிடைக்கவில்லை. நெடுங்காலம் நீடித்த அக்குறை பிற்காலத்தில் கணக்கிடப்பட்டது. மாநிலம் ஈடாகத் தந்திருக்க வேண்டிய நிதியில் 15 கோடி முதல் 54.4 கோடி டாலர் வரை வழங்கப்படாதிருக்கலாம் என்று 2021இல் மாநிலச் சட்டமன்றக் குழு ஒன்று மதிப்பிட்டது. 1987 முதல் 2020 வரையான காலத்தில் மட்டும் ஏறத்தாழ 210 கோடி டாலர் குறைவு நேர்ந்ததாக நடுவண் அரசு 2023இல் மாநில ஆளுநருக்கு எழுதியது. இத்தகைய வறுமைக்கிடையேதான் அக்கல்விச்சாலை தன் மாணவர்களை உருவாக்கியது.

வறுமை இருந்ததேயன்றி அங்கு வாட்டம் இருந்ததில்லை. 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து அதன் கூடைப்பந்துக் குழு, ஜான் மெக்லெண்டன் என்னும் பயிற்சியாளரின் கீழ், சிறு கல்லூரிகளுக்கான தேசியப் பட்டத்தை வென்றது. வாத்தியக் குழுவின் அணிநடை மாணவர் வாழ்வின் பெருமிதமாக விளங்கியது. 1961இல் அதிபர் கென்னடியின் பதவியேற்பு அணிவகுப்பில் அக்குழு முழங்கிச் சென்றது; 2023இல் கிராமி விருதும் பெற்றது. மேலும் 1960ஆம் ஆண்டு பிப்ரவரியில், கறுப்பினத்தாருக்கு உணவு தர மறுத்த நாஷ்வில் கடைகளில் மாணவர்கள் அமைதியாக அமர்ந்து அறப்போர் நிகழ்த்தியபோது, இப்பல்கலைக்கழக மாணவரும் அதில் பங்குகொண்டனர். அவ்வாண்டு மே மாதம் அக்கடைகளின் உணவு மேடைகள் அனைவருக்கும் திறந்தன. அடுத்த ஆண்டு, பேருந்துகளில் நிலவிய பாகுபாட்டை எதிர்க்கும் பயணத்தில் சேர்ந்த 14 மாணவர்கள் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டனர். அவர்களுக்கு 2008இல் மதிப்புறு பட்டம் அளிக்கப்பட்டது. பெருமையும் வருத்தமும் கலந்ததே உண்மையான வரலாறு.

மண் தரையும் முப்பது சுற்றுகளும்

1958ஆம் ஆண்டில் வில்மா இப்பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவ்வாண்டிலேயே அவர் ஒரு பெண் குழந்தைக்குத் தாயாகவும் ஆகியிருந்தார். தாயானவர்களைக் குழுவில் சேர்ப்பது டெம்பிளின் வழக்கமன்று. எனினும் வில்மாவுக்காக அவர் அந்த விதியைத் தளர்த்தினார். குழந்தையைக் குடும்பத்தார் வளர்க்க, வில்மா படிப்பைத் தொடர்ந்தார். அந்த ஒரு கதவு அன்று அடைக்கப்பட்டிருக்குமாயின், பின்னர் நிகழ்ந்தவை எவையும் நிகழ்ந்திரா.

டைகர்பெல்ஸ் எனப் பெயர் பெற்ற அம்மகளிர் குழுவின் வாழ்க்கை எளிதானதன்று. கல்விக் கட்டணத்திற்கு ஈடாக நாள்தோறும் இரண்டு மணி நேரம் வில்மா பல்கலைக்கழக வளாகத்தில் பணி செய்தார். வகுப்பு, பணி, பயிற்சி என்று பொழுது கழியும். ஓட்டக்களமோ மண் தரை. டெம்பிள் பயிற்சியாளராக மட்டுமன்றிச் சமூகவியல் ஆசிரியராகவும் விளங்கினார். வெளியூர்ப் போட்டிகளுக்கு மாணவியர் காரிலேயே நெடுந்தொலைவு செல்வர். வழியிலுள்ள உணவகங்களும் கழிப்பறைகளும் தங்கும் விடுதிகளும் அவர்களுக்கு மறுக்கப்பட்டன. ஆதலால் கட்டுச்சோறு எடுத்துச் செல்வதும், தேவை நேர்ந்தபோது வயல்வெளியை நாடுவதும் அவர்களுக்கு வழக்கமாயின. இத்தனை இழிவுகளுக்கும் நடுவே அவர்கள் தலைநிமிர்ந்து சென்று, ஓடி, வென்று திரும்பினர்.

டெம்பிளின் கண்டிப்புக்கு ஒரு சான்று கூறுவோம். பயிற்சிக்குத் தாமதித்து வருவோர் ஒவ்வொரு நிமிடத்திற்கும் ஒரு சுற்று மிகுதியாக ஓட வேண்டும் என்பது அவர் விதி. ஒரு நாள் வில்மா உறங்கிவிட்டு அரைமணி நேரம் பிந்தி வந்தார். முப்பது சுற்று ஓடும்படி நேர்ந்தது. மறுநாள் அவர் குறித்த நேரத்திற்கு அரைமணி முன்னதாகவே களத்தில் வந்து அமர்ந்திருந்தார்! ஒலிம்பிக் வீராங்கனைக்கும் விதிவிலக்கு இல்லை. படிப்பிலும் அவர் அவ்வாறே கண்டிப்பானவர். அவரிடம் பயின்று ஒலிம்பிக் சென்றோர் நாற்பதின்மர். அவர்கள் வென்ற பதக்கங்கள் 23. அவற்றுள் பொன் 13. அந்நாற்பதின்மருள் ஏறத்தாழ அனைவரும் பட்டம் பெற்றனர் என்பது பதக்கக் கணக்கினும் பெரிய செய்தி என நாம் கருதுகிறோம்.

ரோம் நகரில் மூன்று பொன்

1960ஆம் ஆண்டு ஜூலையில், 200 மீட்டர் தொலைவை 22.9 நொடியில் ஓடி வில்மா உலகச் சாதனை படைத்தார். செப்டம்பரில் ரோம் ஒலிம்பிக். முதற்பந்தயத்திற்கு முந்திய நாள், புல்வெளியிலிருந்த சிறு பள்ளத்தில் கால் இடறிக் கணுக்கால் வீங்கிற்று. இளமையில் கண்ட துன்பங்களுக்கு முன் இது எம்மாத்திரம்! கட்டுப்போட்டுக்கொண்டு களம் இறங்கினார்.

100 மீட்டர் அரையிறுதியில் 11.3 நொடியில் ஓடி உலகச் சாதனையைச் சமன் செய்தார். இறுதிப் பந்தயத்தில் 11.0 நொடி. பின்னின்று வீசிய காற்றின் விரைவு விதியின் அளவை மிஞ்சியதால் அது சாதனையாக ஏற்கப்படவில்லை. ஆயினும் பொற்பதக்கம் அவருடையதாயிற்று. 200 மீட்டரில் 24.0 நொடியில் இரண்டாம் பொன். எஞ்சியது தொடரோட்டம். மார்த்தா ஹட்சன், பார்பரா ஜோன்ஸ், லுசிண்டா வில்லியம்ஸ், வில்மா ருடால்ஃப் என அமெரிக்காவுக்காக ஓடிய நால்வரும் ஒரே பல்கலைக்கழகத்தின் மாணவியர்! உலக வல்லரசு ஒன்றின் குழுவாகக் களத்தில் நின்றது, அந்த எளிய கல்விச்சாலையின் குழுவே. இறுதிக் கைமாற்றத்தில் கோல் தடுமாற, ஓட்டம் ஒரு கணம் தளர்ந்தது. வில்மா கோலை இறுகப் பற்றி, முன்சென்றவரை எட்டிக் கடந்து, 44.5 நொடியில் மூன்றாம் பொன்னை ஈட்டித் தந்தார். ஓட்டக்களத்தில் ஒரே ஒலிம்பிக்கில் மூன்று பொன் வென்ற முதல் அமெரிக்கப் பெண் அவரே. அதே ரோமில் நீளம் தாண்டுதலில் பொன் வென்ற ரால்ஃப் பாஸ்டனும் இப்பல்கலைக்கழக மாணவரே. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரில் 100 மீட்டரை 11.2 நொடியில் ஓடி வில்மா அச்சாதனையையும் தமதாக்கினார்.

பதக்கத்தினும் பெரிய வெற்றி

வெற்றித் திருமகளாகத் திரும்பிய வில்மாவை வரவேற்கக் கிளார்க்ஸ்வில் நகரம் விழா எடுக்க முனைந்தது. ஆனால் அந்நகரில் எந்தப் பொது விழாவும் வெள்ளையருக்கு வேறாகவும் கறுப்பினத்தாருக்கு வேறாகவும் நடப்பதே வழக்கம். மாநில ஆளுநரோ இனப்பிரிவினையை ஆதரித்துப் பதவிக்கு வந்தவர். இருபதே வயதான வில்மா உறுதியாக நின்றார்: பிரிவினையோடு நடக்கும் விழா எதிலும் தாம் கலந்துகொள்வதில்லை என்று தெரிவித்துவிட்டார். நகரம் இணங்கிற்று. 1960ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் நடந்த ஊர்வலத்திலும் விருந்திலும் இரு இனத்தாரும் ஒன்றாகக் கலந்தனர். அந்நகரின் வரலாற்றில் அதுவே முதன்முறை.

பேருந்தின் பின்னிருக்கையில் மகளை அமர்த்தி அழைத்துச் சென்ற அந்தத் தாய், தம் ஊரார் அனைவரும் ஒன்றாய் அமர்ந்து உண்ட அந்நாளைக் கண்ணாரக் கண்டார். மூன்று பொற்பதக்கங்களுக்கும் மேலான வெற்றி இதுவே என்பது நம் எண்ணம். 1963ஆம் ஆண்டு மே மாதம், அந்நகர உணவகம் ஒன்றில் நிலவிய பாகுபாட்டை எதிர்த்த போராட்டத்திலும் வில்மா பங்குகொண்டார். சின்னாளில் பொது இடங்கள் யாவும் அனைவருக்கும் உரியன என நகரத் தலைவர் அறிவித்தார்.

பின்னைய வாழ்வு

புகழின் உச்சியிலிருந்தபோதே, 1962இல், தம் 22ஆம் வயதில் வில்மா ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். மறு ஆண்டு கல்வியியலில் பட்டம் பெற்று, சொந்த ஊரிலேயே ஆசிரியப் பணியும் தாம் பயின்ற பள்ளியிலேயே பயிற்சிப் பணியும் ஆற்றினார். அந்நாளைய விதிகளின்படி ஒலிம்பிக் வீரர் தம் விளையாட்டால் பொருளீட்டுதல் கூடாது. ஆகவே உலகப் புகழ் அவருக்குச் செல்வத்தைத் தரவில்லை. பல ஊர்களில் பல பணிகள் செய்து, நான்கு மக்களை வளர்த்தார். 1977இல் தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். 1981இல் எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டிலும் படிப்பிலும் துணைநிற்கத் தம் பெயரால் ஓர் அறக்கட்டளை நிறுவினார்.

1994ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், மூளைப் புற்றுநோயால் தம் 54ஆம் வயதில் அம்மையார் மறைந்தார். அடுத்த ஆண்டு பல்கலைக்கழகம் தன் மாணவியர் விடுதி ஒன்றிற்கு அவர் பெயரைச் சூட்டியது. கிளார்க்ஸ்விலின் நெடுஞ்சாலை ஒன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. ஒரு காலத்தில் அவர் அமர்ந்து உண்ணவும் இடமளியாத நகரம் அது என்பதை இளைஞர் மறத்தல் ஆகாது. அவர் வகுத்த பாதையில் அதே மண் தரையிலிருந்து எழுந்த வயோமியா டையஸ், 1964இலும் 1968இலும் 100 மீட்டர் ஓட்டத்தில் பொன் வென்று, அவ்வெற்றியை அடுத்தடுத்த இரு ஒலிம்பிக்குகளில் ஈட்டிய முதல்வர் ஆனார்.

நாம் கொள்ள வேண்டுவன

மாணவச் செல்வங்களே! வில்மாவின் கால்கள் இயல்பாகவே விரைந்தவை என்று எண்ணிவிடாதீர்கள். அவை நடக்கவே கற்றுக்கொண்ட கால்கள். டஸ்கிகீயில் தோற்றுத் திரும்பியதும், முப்பது சுற்று ஓடியதும், கல்விக்காக வளாகத்தில் பணி செய்ததும் அவ்வெற்றியின் பகுதிகளே. பட்டத்தை முடித்த பின்னரே அவர் தம் கல்விக் காலத்தை நிறைவு செய்தார் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

பெற்றோர்களே! வாரந்தோறும் 80 கிலோமீட்டர் சென்று திரும்பிய ஒரு தாயின் பயணத்தை நாம் அறிவோம். பனியிலும் மழையிலும் வார இறுதி ஓய்வைத் துறந்து, பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்து வருபவர்கள் நாம். ஒரு வாரத்தில் ஒரு பாடம். ஓர் ஆண்டில் சில பக்கங்கள். பயன் உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. நம் பள்ளிகளுக்குப் பெரும் நிதியும் இல்லை. பல இடங்களில் சொந்தக் கட்டடமும் இல்லை. ஆயினும் மண் தரை ஒன்றைக் களமாகக் கொண்டு, கண்டிப்பும் அன்பும் நிறைந்த ஓர் ஆசிரியர், தவறாது வரும் மாணவர்களை எவ்வளவு உயரத்திற்கு உயர்த்த முடியும் என்பதை நாஷ்வில் நகரம் உலகுக்குக் காட்டியிருக்கிறது.

தம்மைப் பிறர் தூக்கிவிட்டதை மறவாது, தாம் உயர்ந்தபின் தம் ஊரின் அடைத்த கதவைப் பிறருக்காகத் திறந்தார் வில்மா ருடால்ஃப் அம்மையார். நம் பிள்ளைகளும் அவ்வாறே வளர்க! வாழ்க!